பாதாம்: எத்தனை என்பதை விட எவ்வளவு ஈரம் என்று கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாதாம் பற்றி உணவுப் பக்கங்களில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. நாளைக்கு எத்தனை பருப்பு? ஊறவைத்துத் தின்பதா, அப்படியே தின்பதா? முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. ஒரு பருப்பு ஏறத்தாழ 1.2 கிராம். 23 பருப்பு சேர்ந்தால் 28 கிராம். அதில் 6 கிராம் புரதம், 14 கிராம் கொழுப்பு, மூன்றரை கிராம் நார்ச்சத்து, 7 மில்லிகிராம் வைட்டமின் ஈ. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஈயில் இது கிட்டத்தட்ட பாதி. அதற்கு மேல் அந்தக் கேள்வியைத் தோண்டிப் பயனில்லை.

பொட்டலத்தில் ஒரே ஒரு பருப்பு மட்டும் ஏன் கசக்கிறது, வெளியே பழுதே தெரியாத பருப்பு வறுத்ததும் உள்ளே ஏன் கறுக்கிறது, மாவு அரைக்கப்போனால் ஏன் களியாகிறது, பாதாம் பால் காபியில் ஏன் திரிகிறது: சமைப்பவர்கள் உண்மையில் கேட்பது இவற்றைத்தான். பாதாம் பருப்பின் எடையில் பாதி எண்ணெய். நன்றாகக் காய்ந்த பருப்பில் ஈரம் 4 முதல் 6 சதவீதம்தான். தோப்பிலிருந்து அடுப்பு வரை நேரும் கேடுகளில் பெரும்பாலானவை, வேண்டாத நேரத்தில் ஈரம் ஏறுவதால் வருகின்றன. மற்றவற்றில் பல, வேண்டிய நேரத்தில் அது இல்லாததால். அந்தக் கோணத்தில் சில விவரங்களை வாசகர்கள் முன் வைக்க இந்தக் கடிதம்.

முதலில் மரம். பாதாம், பீச், பிளம், செர்ரி, ஆப்ரிகாட் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பீச் பழத்தில் சதையைத் தின்று கொட்டையை எறிகிறோம். பாதாமில் சதை தின்ன உதவாத மேல்தோடாகக் காய்ந்து வெடித்துவிடும். உள்ளே ஓடு, அதற்குள் இருக்கும் விதைதான் நாம் வாங்கும் பருப்பு. வெப்பமண்டலக் கடற்கரைகளில் நிழல் தரும் அகன்ற இலை வாதுமை மரம் முற்றிலும் வேறு குடும்பம். அதன் கொட்டைக்குள்ளும் தின்னத்தக்க சிறு பருப்பு உண்டு என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. பாதாம் மரத்துக்கு, ரகத்தைப் பொறுத்து, குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 200 முதல் 500 மணி நேரம் குளிர் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் பருப்பை முளைக்கவைத்தால் செடி வரும், இலை வரும். மொட்டு உறக்கம் சரியாகக் கலையாததால் பூ சீராக வராது.

இலையுதிர் பழமரங்களில் பாதாம் மிக முன்னதாகப் பூக்கும். கலிஃபோர்னியாவில் பிப்ரவரி நடுவிலேயே பூ வந்துவிடும். முந்திக்கொள்வதன் விலை உறைபனி. பூ முழுதாக விரிந்த நிலையில் மைனஸ் 2, 3 டிகிரி வந்தால் சேதம் தொடங்கும். பிஞ்சு பிடித்தபின் மைனஸ் 1 டிகிரியே ஆபத்து. அடுத்த சிக்கல் மகரந்தம். பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. 'நான்பரெய்ல்' என்ற ரகத்தை மட்டும் ஊன்றினால் தோப்பு முழுக்கப் பூவாக இருக்கும், காய் இருக்காது. ஆகவே அதே நாட்களில் பூக்கும் வேறு ரகத்தை ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் நடுகிறார்கள். கார்மெல், மான்டெரே போன்றவை இதற்காக நடப்படுபவை. மகரந்தத்தைக் கொண்டுபோக ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டிகள் என்பது வழக்கமான கணக்கு. வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இருந்தாலும், மழை தூறினாலும் தேனீ வெளியே வராது. பூக்காலம் குளிரும் மழையுமாகப் போனால் அந்த ஆண்டு மகசூல் அங்கேயே தீர்மானமாகிவிடும். பிறகு உரம் போட்டு ஈடுகட்ட முடியாது. தன் மகரந்தத்தையே ஏற்கும் ரகங்களும் உண்டு. இத்தாலியின் டூவோனோ பழையது, கலிஃபோர்னியாவின் இன்டிபென்டன்ஸ் புதியது. 

விதையில் முளைத்த மரத்தை யாரும் தோப்பில் வைப்பதில்லை. இனிப்புத் தன்மை ஓங்கு பண்பு. ஆனால் இனிப்பான இரண்டு மரங்கள் கசப்புக்கான மரபணுவை மறைவாகச் சுமந்திருந்தால், அவற்றின் கலப்பில் பிறக்கும் கன்றுகளில் நான்கில் ஒன்று கசப்பு மரமாக வரும். அதனால் வேருக்காகவே வளர்த்த வேறொரு செடியில், அதாவது வேர்ச்செடியில், மொட்டு ஒட்டுக் கட்டுகிறார்கள். வேர்ச்செடித் தேர்வு மண்ணைப் பார்த்துச் செய்ய வேண்டியது. வேரைத் தாக்கும் நூற்புழு உள்ள மணற்பாங்கான நிலத்துக்கு நெமாகார்ட் என்ற பீச் வேர் ஏற்றது; சுண்ணாம்பு மண்ணில் அது இலை மஞ்சளித்துத் தேங்கிவிடும். அங்கே பீச்சும் பாதாமும் கலந்த ஜிஎஃப் 677 தாங்கும். ஈரம் நிற்கும் களிமண்ணுக்கு மரியானா 2624 என்ற பிளம் வேர் உண்டு. ஆனால் அதில் நான்பரெய்ல் ஒட்டாது. தண்ணீர் தேங்கினால் ஃபைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரி வேரை அழுகச் செய்து மரத்தைச் சாய்த்துவிடும் என்பதால், வடிகால் இல்லாத நிலத்தில் பாதாம் வைப்பதே வீண்வேலை.

மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கி, ஏழெட்டு ஆண்டுகளில் முழு மகசூலுக்கு வந்து, சுமார் 25 ஆண்டு வரை மரம் பலன் தரும். ஆயிரம் கிலோ பருப்பு விளைந்தால் அந்த விளைச்சலோடு நிலத்திலிருந்து சுமார் 68 கிலோ தழைச்சத்து போய்விடுகிறது. உரக் கணக்கைப் போன ஆண்டுப் பழக்கத்தில் போடாமல் இந்த ஆண்டுக் காய்ப்பைப் பார்த்துப் போட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

தண்ணீர்க் கணக்கு அடிக்கடி சர்ச்சையாகிறது. ஒரு பருப்புக்கு நான்கு லிட்டர் என்ற எண் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதை நாமே போட்டுப் பார்க்கலாம். வறண்ட வெயில் பள்ளத்தாக்கில் வளர்ந்த தோப்பு ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் எடுக்கும். ஒரு ஹெக்டேருக்கு அது 1.1 கோடி லிட்டர். 2,400 கிலோ பருப்பு விளைந்தால் கிலோவுக்குச் சுமார் 4,600 லிட்டர், பருப்புக்கு ஐந்தரை லிட்டர். பூக்காலத்தில் மழை பெய்து மகசூல் பாதியானால் அதே பருப்புக்கு 11 லிட்டர். ஆகவே ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டு வாதாடுவதில் பொருளில்லை. எந்த இடம், எந்த ஆண்டு, என்ன மகசூல் என்று சொல்லாத நீர்க் கணக்கு எதுவும் அரைக் கணக்குதான். அந்தத் தண்ணீரில் விளைந்த மேல்தோடு கறவை மாடுகளுக்குத் தீவனமாகப் போகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குக் கலிஃபோர்னியா என்ற ஒரே மாநிலத்திலிருந்து வருவதால் அங்கே வரும் வறட்சி எல்லா நாட்டு விலையிலும் தெரியும்.

மேல்தோடு வெடிக்கும் பருவத்தில் நீரைச் சற்றுக் குறைத்துக் கொடுப்பது தேர்ந்த விவசாயிகளின் வழக்கம். சிக்கனம் அதில் ஒரு பகுதிதான். அந்த நேரத்தில் தாராளமாக நீரும் தழைச்சத்தும் கிடைத்தால் வெடித்த தோட்டுக்குள் ஈரம் நின்று ரைசோபஸ் முதலான பூஞ்சணங்கள் புகும். அவை உண்டாக்கும் நஞ்சு கிளைக்குள் ஏறிக் காய்க்கும் குறுங்கிளைகளைக் காயவைக்கும். இழப்பு அந்த ஆண்டோடு முடியாது, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும்.

அறுவடையில்தான் ஈரம் பெரிய வேலையைச் செய்கிறது. வட கோளத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, தென் கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை. இயந்திரம் அடிமரத்தைப் பிடித்துச் சில நொடிகள் உலுக்கும். விழுந்த காய் தரையிலேயே 7 முதல் 10 நாள் வெயிலில் காயும். பிறகு வரிசையாகக் கூட்டி அள்ளுவார்கள். குவித்து வைக்கும் முன் பருப்பில் ஈரம் 6 சதவீதத்துக்கும், தோட்டில் 13 சதவீதத்துக்கும் மேல் இருக்கக் கூடாது. தரையில் கிடக்கும்போது மழை பிடித்துக்கொண்டு, பருப்பின் ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டி, வெப்பமும் சேர்ந்தால் உள்ளே சர்க்கரைகள் உடையத் தொடங்கும். வெளியே பார்த்தால் பருப்பு வெளுப்பாக, பழுதில்லாமல் இருக்கும். தரம் பிரிக்கும் கண்ணுக்கும் தப்பிவிடும். வறுக்கும்போதுதான் உள்ளே பழுப்பேறிக் கசப்பாகும். மறைந்த சேதம் என்று துறையில் இதைச் சொல்கிறார்கள். வறுத்தவர் தீயைக் கூட்டிவிட்டார் என்று பழி அவர்மேல் விழும். ஒரே தட்டில் வறுபட்டவற்றில் சில மட்டும் உள்ளே கறுத்து மற்றவை பொன்னிறமாக இருந்தால் அடுப்பின் மேல் குற்றமில்லை. தோப்பில் நனைந்த பருப்புகள் அவை.

இன்னொரு கேடு புழு. நேவல் ஆரஞ்சுப் புழு வெடித்த தோட்டின் வழியே புகுந்து பருப்பைத் துளைக்கும். துளையில் ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சணம் வளரும். அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதும் போகாது. நேரடியாக உண்ணும் பாதாமில் ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம் என்று சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் வரையறுத்திருக்கிறது. இதற்கு மருந்தடிப்பதை விடப் பலனுள்ள வேலை குளிர்காலத்தில் நடக்கிறது: அறுவடைக்குப் பின் மரத்திலேயே தொங்கும் உலர்ந்த காய்களை உலுக்கியும் தட்டியும் இறக்கி, தரையில் கிடப்பதைப் பொடியாக்கி அழிப்பது. மரத்துக்கு இரண்டு காய்க்கு மேல் மிஞ்சக் கூடாது என்பது கணக்கு. புழு குளிர்காலத்தைக் கழிப்பது அந்தக் காய்களில்தான். வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஓட்டை விழுந்த, பூசணம் பூத்த, சுருங்கிக் கறுத்த பருப்பை எடுத்து எறிந்துவிடுவது. பூசணத்தைத் துடைத்துவிட்டு அரைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது.

இனி கசப்பு. கசப்பு பாதாமில் அமிக்டலின் என்ற பொருள் 3 முதல் 5 சதவீதம் இருக்கும். உலர்ந்து முழுதாக இருக்கும் வரை அது ஒன்றும் செய்யாது. அதை உடைக்கும் நொதி பருப்புக்குள் வேறு அறையில் இருக்கிறது. கடித்தாலோ அரைத்தாலோ ஈரம் சேர்ந்து இரண்டும் சந்திக்கும். அப்போது சர்க்கரையும், பென்சால்டிஹைடு என்ற மணப்பொருளும், ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். கைப்பிடி அளவே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. வறுத்தால் பாதுகாப்பாகிவிடும் என்பதும் தவறு. வெப்பம் நொதியை முடக்கலாம், ஆனால் அமிக்டலின் மிஞ்சியிருக்கும். குடலில் உள்ள நுண்ணுயிரிகளுக்கு அதை உடைக்கத் தெரியும். இந்தப் பருப்புக்கு மருத்துவக் குணம் கற்பிப்பவர்கள் இதைத்தான் மறைக்கிறார்கள், அல்லது அறியாமல் இருக்கிறார்கள்.

கசப்பா இனிப்பா என்பதைத் தாய்மரம் மட்டுமே தீர்மானிக்கிறது. எந்த மகரந்தம் வந்து விழுந்தது என்பதற்கு அதில் பங்கில்லை. ஆகவே இனிப்புத் தோப்புக்குப் பக்கத்தில் கசப்பு மரம் நின்றாலும் பருப்பு கெடாது. நல்ல பொட்டலத்தில் எப்போதாவது ஒன்று கசப்பது, விதையில் முளைத்த மரங்கள் கலந்த தோப்பின் சரக்கு சேர்ந்துவிட்டதால் இருக்கலாம். துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தால் போதும், பயப்பட வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் அந்தச் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தொண்டையைக் கரகரக்கச் செய்யும் காறல் வேறு. அது எண்ணெய் கெட்டதால் வருவது. சயனைடுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

'பாதாம் மணம்' என்று பிஸ்கட்டிலும் கேக்கிலும் வரும் வாசனை அந்தப் பென்சால்டிஹைடுதான். கடையில் கிடைக்கும் எசன்ஸ், சயனைடு நீக்கப்பட்ட கசப்பு பாதாம் அல்லது ஆப்ரிகாட் கொட்டை எண்ணெயிலிருந்தோ செயற்கையாகவோ வருகிறது. இனிப்பு பாதாமை எவ்வளவு கொட்டினாலும் அந்த வாசனை வராது. வரவில்லையே என்று பருப்பின் தரத்தைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஊறவைப்பதற்கு வருவோம். ஊறினால் தோல் தளரும், பருப்பு மிருதுவாகும், நைசாக அரையும். இவை உண்மை. தாதுச் சத்துகளை உடல் ஏற்காமல் தடுக்கும் ஃபைட்டேட் நீங்கிச் சத்து பலமடங்கு கூடிவிடும் என்பது மிகை. முழுப் பருப்பை ஓர் இரவு ஊறவைப்பதில் அது பெரிதாகக் குறைவதில்லை. தோலை நஞ்சு என்று சொல்பவர்களும் உண்டு. பாலிஃபீனால்கள் எனப்படும் நற்பொருள்களில் பெரும்பகுதி தோலில்தான் இருக்கிறது. துவர்ப்பு பிடிக்காவிட்டால் உரிக்கலாம், வேறு காரணம் தேவையில்லை. ஆனால் ஊறவைப்பதில் பேசப்படாத ஓர் ஆபத்து இருக்கிறது. சால்மனெல்லா கிருமி உலர்ந்த பாதாமில் பெருகாது, ஆனால் சாகவும் செய்யாது; மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் கிடைத்ததும் பெருகத் தொடங்கும். அமெரிக்காவில் 2001, 2004 ஆண்டுகளில் வறுக்காத பச்சைப் பாதாமோடு தொடர்புபட்ட நோய்த்தொற்றுகள் கண்டறியப்பட்ட பிறகு, 2007 செப்டம்பர் 1 முதல் அங்கே விளையும் பாதாமைக் கிருமிநீக்கம் செய்தே உள்நாட்டில் விற்க வேண்டும் என்று விதி வந்தது. நீராவி, வெந்நீர், எண்ணெயில் வறுத்தல், புரொப்பிலீன் ஆக்சைடு வாயு ஆகியவை ஏற்கப்பட்ட முறைகள். எல்லா நாட்டுச் சரக்குக்கும் இது பொருந்தாது. ஆகவே, அலசிவிட்டு, மூழ்கும் அளவுக்கு மேல் இரண்டு விரல்கடை தண்ணீர் விட்டு, ஃபிரிட்ஜுக்குள் வைத்து 8 முதல் 12 மணி நேரம் ஊறவைப்பதே முறை. ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும். ஊறிய பருப்பு ஃபிரிட்ஜிலும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்; கொழகொழப்பு தட்டினால் உடனே எறிய வேண்டும்.

தோல் மட்டும் உரிய வேண்டுமென்றால் ஊறவைக்கவே தேவையில்லை. கொதிக்கும் நீரில் 60 நொடி போட்டு எடுத்து, வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, அகன்ற முனையைப் பிடித்து அழுத்தினால் பருப்பு நழுவி வந்துவிடும். மூன்று நான்கு நிமிடம் கொதித்தால் பருப்பு நீர் குடித்துவிடும். உரித்ததை மாவாக்கப் போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். துணியில் துடைத்த பருப்பு வெளியேதான் உலர்ந்திருக்கும். 65, 70 டிகிரி அவனில் ஒரு மணி நேரமோ, காற்றோட்டமான இடத்தில் தட்டில் பரப்பி ஓர் இரவோ வைக்க வேண்டும். இரண்டாக ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மாவு அரைக்கும்போது எதிரி சூடு. தகடு சுழலும் உராய்வில் பருப்பு சூடாகிச் செல்கள் கிழிந்து எண்ணெய் வெளியே வந்தால் மாவு களியாகும். 100 கிராமுக்கு மேல் போடாமல், ஒரு நொடி ஓட்டம் ஒரு நொடி ஓய்வாகப் பத்துப் பதினைந்து முறை ஓட்டி, நடுவே ஓரங்களை வழித்துவிட்டு, சலித்து, மேலே நிற்கும் குருணையை மட்டும் மறுபடி அரைக்க வேண்டும். செய்முறையில் சர்க்கரை இருந்தால் அதில் ஒரு மேசைக்கரண்டியை முதலிலேயே சேர்த்துவிட்டால் கசியும் எண்ணெயை அது பிடித்துக்கொள்ளும். பருப்பை மூடிய டப்பாவில் அரைமணி ஃபிரிட்ஜில் வைப்பதும் உதவும். அதில் பாதாம் எண்ணெய் உறைந்துவிடாது, சூடேற எடுக்கும் நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மைதாவில் மாவைப் பிணைத்து நிறுத்தும் குளூட்டன் என்ற புரதம் இந்த மாவில் இல்லை. மைதாவுக்குப் பதிலாக அதே அளவு போட்டால் கேக் நடுவில் அமுங்கும். மைதாவில் கால் பங்கு வரை மாற்றலாம். முழுதும் பாதாம் மாவில் செய்வதென்றால் கட்டுமானத்தை முட்டைதான் தர வேண்டும். சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் வெப்பத்தை 10, 15 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். பால் பிழிந்த சக்கையை உலர்த்திப் பாதாம் மாவு என்று பயன்படுத்துவோர், எண்ணெயில் பெரும்பகுதி பாலோடு போய்விட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதே செய்முறைக்கு அது வறட்டுக் கேக்கைத்தான் தரும்.

பாதாம் வெண்ணெய் இதற்கு மாறு. மாவில் தவிர்த்த சூடு இங்கே வேண்டும். 300 கிராம் பருப்பை 145 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வறுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைக்க வேண்டும். முதலில் பொடி, பிறகு கட்டி, பிறகு ஜாரின் ஓரத்தில் ஒட்டும் விழுது, கடைசியில் வழியும் பதம். பத்து நிமிடத்துக்குக் குறைவாக இது நடப்பது அரிது. மோட்டார் சூடானால் நிறுத்தி ஆறவிட வேண்டும். பொறுமையிழந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். எண்ணெயில் மிதக்கும் பொடித் துகள்கள் அந்தத் தண்ணீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, விழுது ஒரே நொடியில் கெட்டியாகிவிடும். தேனிலும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருப்பதால் அதுவும் இதையே செய்யும். தளர்த்த வேண்டுமென்றால் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. ஊறவைத்த பருப்பில் வெண்ணெய் வராததற்கும் காரணம் இதுதான்.

வறுப்பதில் ஒரு விதி போதும்: தோலின் நிறத்தை நம்பாமல் ஒரு பருப்பைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி வெளிர் கோதுமை நிறம் வந்ததும் இறக்கி, சூடான தட்டிலிருந்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். உள்சூட்டிலேயே அது இன்னும் ஒரு படி சிவக்கும். கரும்பழுப்பு வரை போனால் கசப்போடு அக்ரிலமைடு என்ற தீய பொருளும் கூடும். பாதாமில் அதற்கு மூலமான அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் நிறைய இருப்பதால் 145 டிகிரிக்குள் நிதானமாக வறுப்பது நல்லது.

பாதாம் பாலுக்கு 100 கிராம் பருப்பை ஊறவைத்து உரித்து, முதலில் 150 மி.லி. தண்ணீர் மட்டும் விட்டு மைய அரைத்து, பிறகு 250 மி.லி. விட்டு ஓட்டி வடிகட்ட வேண்டும். முழுத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் பருப்பு நீரில் நீந்திக்கொண்டிருக்கும், அரையாது. இது சமையலுக்கான கெட்டிப் பால். குடிக்க இன்னும் 400 மி.லி. சேர்க்கலாம். கொஞ்ச நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிவது கெட்டதன் அடையாளமல்ல. கடைப் பாலில் பசைப்பொருள் சேர்ப்பதால் பிரிவதில்லை. ஃபிரிட்ஜில் மூன்று நாள். காபியில் திரிவது அமிலமும் சூடும் சேர்ந்து புரதத்தைத் திரட்டுவதால். பாலை முதலில் வெதுவெதுப்பாக்கி, கொதி அடங்கிய காபியைப் பாலுக்குள் மெல்ல ஊற்றினால் பெரும்பாலும் தப்பிக்கும். பல கடைப் பால்களில் பாதாம் 2, 3 சதவீதம்தான் இருக்கிறது. புரதம் பசும்பாலோடு ஒப்பிடவே முடியாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கென்றே தயாராகும் பால் பொடிக்கோ மாற்றாக இதைக் கொடுக்கவே கூடாது.

குழம்பில் கெட்டிக்காகச் சேர்ப்பதென்றால் அரை லிட்டருக்கு 30, 40 கிராம் பருப்பின் விழுது போதும். கடைசியில், சிறு தீயில். தளதளவெனக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து விழுது மணல்மணலாக நிற்கும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வறுத்ததும் ஆபத்து, வேகவைத்ததும் ஆபத்து. அந்தப் புரதம் வெப்பத்தைத் தாங்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும், அரைத்தே கொடுக்க வேண்டும். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவுசெய்ய வேண்டும். எடை குறைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 28 கிராம் முழுப் பருப்புக்கு அட்டையில் 160, 170 கலோரி என்றிருக்கும், 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் உடல் உண்மையில் எடுத்துக்கொண்டது சுமார் 129 கலோரி. மெல்லும்போது உடையாத செல்களுக்குள் எண்ணெய் சிக்கி வெளியேறிவிடுகிறது. வெண்ணெயாக அரைத்துவிட்டால் இந்தத் தள்ளுபடி கிடையாது.

சேமிப்பு பற்றிச் சுருக்கமாக. 10 டிகிரிக்குக் கீழே, காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குள் இருந்தால் தோலுடன் கூடிய பச்சைப் பருப்பு இரண்டு ஆண்டு வரை தாங்கும். தோல் ஒரு காப்பு. உரித்தது சீக்கிரம் கெடும், வறுத்தது இன்னும் சீக்கிரம், அரைத்தது எல்லாவற்றுக்கும் முன்னால். வெங்காயம், மசாலாவுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். ஃபிரீசரிலிருந்து எடுத்த டப்பாவை அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் திறக்க வேண்டும். குளிர்ந்த பருப்பின் மேல் காற்றின் ஈரம் வியர்க்கும். சிக்கு வாடையோ பெயின்ட் வாடையோ வந்தால் வறுத்து மறைக்கப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. பெரும்பாலான பொட்டலங்களில் அடைத்த தேதி இருக்கிறது, அறுவடை ஆண்டு இல்லை. வட கோளத்துப் பருப்பை ஜூலையில் அடைத்திருந்தால் அது போன ஆண்டு விளைந்தது. அதற்கு முந்தைய ஆண்டுச் சரக்காகக்கூட இருக்கலாம், வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. அறுவடை ஆண்டு, ரகம், கிருமிநீக்கம் செய்யப்பட்டதா, எந்த முறையில் என்ற விவரங்களை அட்டையில் அச்சிடும்படி உணவுத் தர அமைப்புகள் கேட்க வேண்டும். தங்கள் நாளிதழ் இதை எழுப்பினால், ஊறவைக்க வாங்குபவருக்கும் மாவரைக்க வாங்குபவருக்கும் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வழி கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்